பூமழைக் காலம்

பங்குனியில் பூமழை பெய்த பத்தாம் நாளளவில் குடகுக் காப்பித் தோட்டங்கள் வெண்ணிறம் பூணும். மல்லிகையனைய மணம் எங்கும் கமழும். இவ்வாண்டு அதனைக் கண்ணாரக் காணவும் எமக்கு ஓய்வில்லை. மூத்த மகள் பத்தாம் வகுப்புத் தேர்வைக் கன்னடத்தில் எழுதினாள். நடுப்பிள்ளை மிதிவண்டி ஓட்டப் பழகி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். கடைக்குட்டிக்கு முதற்பல் விழுந்தது. யாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி மகிழ்ந்தோம்.

சித்திரைப் பிறப்பையொட்டித் தஞ்சையிலிருந்து எம் அன்னையாரின் கடிதம் வந்தது. பேரப்பிள்ளைகள் மூவருக்கும் என்றே எழுதியிருந்தார். மூவரும் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தனர்; படிக்க ஒருவராலும் இயலவில்லை. குறை அவர்களுடையதன்று; எம்முடையதே.

அன்று முதல் மாலையில் விளக்கேற்றியபின் அரைமணி நேரத்தைத் தமிழெழுத்துக்கென ஒதுக்கினோம். விடுமுறை முடியுமுன் நடுப்பிள்ளை, ‘பாட்டி, என் சைக்கிள் நன்றாக ஓடுகிரது’ என்று தன் கையால் எழுதி அஞ்சலில் இட்டான். பிழையைக் கண்டும் யாம் திருத்தவில்லை. அவன் கையெழுத்து அவ்வண்ணமே பாட்டியிடம் சேரட்டும் என்றிருந்தோம். நாட்குறிப்பில் அந்நாளையும் சேர்த்தோம்.

அன்பர்களே, காப்பிப்பூ சில நாளே நிற்கும்; பிள்ளைப்பருவமும் அத்தகையதே. உங்கள் இல்லக் குறிப்பிலும் இவ்வொரு வரிக்கு இடம் வையுங்கள்.