அமெரிக்காவின் 'லெமன்' சட்டமும் நமது வாகனச் சந்தையும்

வாங்கிய நாள் முதல் பழுதாகிக்கொண்டே இருக்கும் வாகனத்தை அமெரிக்கர்கள் 'லெமன்' என்பார்கள். நம்மூர்த் தேசிக்காய்க்கு அப்படியொரு கெட்ட பெயர் இல்லை. 1982இல் கனெக்டிகட் மாநிலம் இயற்றிய 'லெமன் சட்டம்' இன்று அங்குள்ள எல்லா மாநிலங்களிலும் ஏதோவொரு வடிவில் இருக்கிறது.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். 18 மாதங்களுக்குள் அல்லது 18,000 மைல்களுக்குள் ஒரே பழுதுக்கு நான்கு தடவை, உயிராபத்தான பழுதெனில் இரண்டு தடவை திருத்தியும் சரிவராவிட்டால், அல்லது வாகனம் மொத்தமாக 30 நாட்களுக்கு மேல் கராஜில் கிடந்தால், கம்பனிக்குப் போதிய வாய்ப்புக் கிடைத்துவிட்டதாகவே சட்டம் கருதும். பிறகு மாற்று வாகனம் அல்லது பணம். முதன்முதலில் திருத்தக் கொடுப்பதற்கு முன் ஓடிய தூரத்துக்குரிய தொகையைக் கழிக்கலாம். எனக்குப் பிடித்தது இந்த எண்ணிக்கைதான். "இன்னொரு தடவை கொண்டு வாங்க, பார்ப்போம்" என்ற பேச்சுக்கு அது எல்லை போடுகிறது. திரும்பப் பெற்ற வாகனத்தை மீள விற்பதானால் உரிமைப் பத்திரத்திலேயே அது குறிக்கப்பட வேண்டும்.

எனினும் இந்தப் பாதுகாப்பு இப்போது சுருங்குகிறது. உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தாலும் பாவித்த வாகனம் 'புதிய வாகனம்' ஆகாது என 2024 ஒக்டோபரில் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு, 55,000 மைல் ஓடிய பின் வாங்கப்பட்ட டொட்ஜ் ட்ரக் ஒன்றைப் பற்றியது. அதே ஆண்டு வந்த புதிய சட்டம் வழக்கிடும் காலத்துக்கும் வரம்பு வைத்தது. 2025 திருத்தத்தின்படி அது விரும்பிச் சேரும் கம்பனிகளுக்கே பொருந்தும். எந்த விதிக்குக் கட்டுப்படுவது என்பதைக் கம்பனியே தெரிவுசெய்வது விசித்திரம்தான்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. இங்கு நம்மவர் பலர் வாங்குவது ஜப்பானில் பாவித்த வாகனங்களையே. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எத்தனை தடவை திருத்திய பின் பணத்தைத் திருப்பலாம் என்ற கணக்கு அதில் இல்லை. வாகனம் கராஜில் நின்றாலும் லீசிங் தவணை நிற்பதில்லை.

குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை, 'கியாருல் அய்ப்', நமது பிக்ஹில் பழைய விடயம். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தையும் ஜும்ஆவில் அடிக்கடி கேட்கிறோம். மைல்மீட்டரைக் குறைத்து வைப்பது அதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? வாகன வியாபாரத்தில் நம்மவர்கள் நிறையவே இருக்கிறார்கள். இத்தனை தடவை திருத்தியும் சரிவராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று விற்பனைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க, அவர்கள் பாராளுமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.