எருவிடாத பாத்தி

விஞ்ஞானிகளின் சரித்திரங்கள் பள்ளிப் புத்தகங்களில் நிரம்ப உண்டு. வானத்தை ஆராய்ந்தவர்களையும், நீராவியையும் மின்சாரத்தையும் வசப்படுத்தியவர்களையும் நம் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் நம்மைப் போலவே நிலமுடையவராய்ப் பிறந்து, தம் சொந்த வயலையே ஆராய்ச்சிச் சாலையாக்கிக்கொண்ட ஒருவரைப் பற்றி நம் குடியானவர்கள் கேட்டிருப்பது அரிது.

அவர் பெயர் ஜான் பென்னெட் லாஸ். 1814-ம் வருஷம் பிறந்தவர். எட்டு வயதிலே தந்தையை இழந்து, லண்டனுக்கு வடக்கேயுள்ள ராத்தம்ஸ்டெட் என்னும் பண்ணைக்கு உரிமையாளரானார். ஆக்ஸ்போர்டில் வாசித்தும் பட்டம் பெறவில்லை. பண்ணைக்குத் திரும்பியபின் தொட்டிகளில் பயிர் வைத்து, எலும்பைக் கந்தகத் திராவகத்தில் கரைத்து உரமாக இட்டுப் பார்த்தார். எலும்புத் தூளை அப்படியே இட்டால் பல நிலங்களில் பயன் தெரியாதிருக்க, திராவகத்தில் கரைத்தது உடனே பயிருக்குப் பிடித்தது. இன்று நாம் மூட்டை மூட்டையாக வாங்கும் சூப்பர் பாஸ்பேட் அதுவே. 1842-ல் அதற்குக் காப்புரிமை பெற்று, மறு வருஷம் டெப்ட்போர்டில் தொழிற்சாலையும் வைத்தார்.

உரம் விற்றுப் பொருளீட்டியவர்கள் உலகில் அநேகர். அவர்களை நான் பெரிதாகப் பேச வரவில்லை. லாஸை நான் வணங்குவதற்குக் காரணம் வேறு. தொழிற்சாலை தொடங்கிய அதே 1843-ம் வருஷம், ஜெர்மனியில் லீபிக்கிடம் பயின்று வந்த கில்பர்ட் என்னும் ரசாயன சாஸ்திரியை வேலைக்கு அமர்த்திக்கொண்டு, பிராட்பால்க் என்னும் வயலில் கோதுமை விதைத்தார். வயலை நீண்ட பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுக்குத் தொழு எரு, ஒன்றுக்கு மணிச்சத்தும் சாம்பல் சத்தும், வேறு சிலவற்றுக்கு அவற்றோடு தழைச்சத்தும் என்று வெவ்வேறாக இட்டார். ஒரு பாத்திக்கு மட்டும் எதுவும் இடவில்லை. உரம் விற்பவர் ஒருவர் உரமே இடாத பாத்தியை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தப் பாத்திதான் பெரிய வழக்கொன்றைத் தீர்த்தது. பயிருக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றும் மழையும் தந்துவிடும், மண்ணிலிருந்து எடுத்த தாதுச் சத்துக்களைத் திருப்பி இட்டாற் போதும் என்பது லீபிக்கின் கொள்கை. அவரோ அக்காலத்தில் ஐரோப்பா முழுதும் போற்றிய பேராசிரியர். எனினும் தாதுச் சத்து மட்டும் பெற்ற பாத்தி, எதுவும் பெறாத பாத்தியைவிடச் சிறிதே மிகுதியாக விளைந்தது. தழைச்சத்தும் சேர்ந்த பாத்தியே இரண்டு மடங்குக்கு மேல் விளைந்தது. நடுவே வெறும் பாத்தி இல்லாவிடில் இவ்வழக்கில் பேச்சுவன்மையே வென்றிருக்கும்.

அவர்களும் பிழைபட்டதுண்டு. அவரைக் குலத்துப் பயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை ஏற்குமா என்று 1857-ம் வருஷத்தை ஒட்டி ஆராய்ந்தபோது, பிழை நேராதிருக்கும்பொருட்டு மண்ணைச் சுட்டெடுத்தார்கள். சுட்ட மண்ணில் வேர் முடிச்சுக்குரிய நுண்ணுயிர்கள் மாண்டன. ஆகவே ஏற்காது என்று முடிவுகண்டார்கள். 1886-ல் ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானியர் உண்மையை வெளியிட்ட பின், ராத்தம்ஸ்டெட்டிலும் மீண்டும் சோதித்து அதை ஏற்றுக்கொண்டார்கள். தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் நம் வயலுக்கு ஏன் உரமாகின்றன என்பதற்கு விடை அதுவே.

லாஸும் கில்பர்ட்டும் 57 வருஷம் சேர்ந்து உழைத்தார்கள். 1900-ல் ஒருவரும் 1901-ல் மற்றவரும் காலமானார்கள். ஆராய்ச்சி நிலைபெறவேண்டி லாஸ் 1889-ல் ஒரு லட்சம் பவுன் தர்மம் ஏற்படுத்தினார். அதனால் அவ்வயலில் இன்றும் கோதுமை விளைகிறது. வெறும் பாத்தி இன்றும் வெறும் பாத்தியே. ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ இன்னும் தந்துகொண்டிருக்கிறது. நம் கோயம்புத்தூரிலும் அதே முறையில் 1909-ல் நிரந்தர உரப் பரீட்சை வயல் ஒன்று தொடங்கப்பெற்றது.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், நம் கிராமங்களில் இந்த வெறும் பாத்தியை வைப்பார் ஒருவரும் இல்லை. கடைக்காரர் சொன்ன உரத்தை வயல் முழுதும் இடுகிறோம். நன்றாய் விளைந்தால் உரத்தின் பெருமை, விளையாவிடில் மழையின் குற்றம். இட்ட பணம் திரும்பிற்றா என்பது ஒருவருக்கும் தெரியாது. என்னைப் போன்ற டிமான்ஸ்டிரேட்டர்களும் இதில் குற்றவாளிகளே. செழித்த பாத்தியைக் காட்டவே நாங்கள் விரைகிறோம்.

சில வருஷங்களுக்குமுன் ஒரு பெரியவரின் வயலில் ஐந்து சென்டு வெறுமனே விடச் செய்தேன். அறுவடையில் அதுவும் மற்றவற்றுக்கு இணையாக விளைந்திருந்தது. நான் திகைத்து நிற்க, அவர் மெல்லச் சொன்னார்: "பெற்ற பிள்ளைகளில் ஒன்றை மட்டும் பட்டினி போடச் சொன்னீர்களே, ஐயா. மனம் கேட்கவில்லை. இரவில் நானே இரண்டு கூடை எரு கொட்டிவிட்டேன்." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மறு வருஷம் அவரே முன்வந்து இரண்டு பாத்திகள் ஒதுக்கினார், ஒன்று வெறுமையாக, மற்றொன்று சாம்பல் சத்து மட்டும் இன்றி. களத்தில் நிறுத்தபோது, சாம்பல் சத்து பெறாத பாத்தி முழு உரம் பெற்றதற்கு எடையில் குறையவில்லை. அவர் மண்ணில் அச்சத்து ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் மண்ணில் அவ்வாறு இராமலும் போகலாம். அதை அவர் வயலில்தான் கேட்கவேண்டும்.

செய்ய விரும்புவோர் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். பாத்தியை மடைவாயிலும் மரநிழலிலும் வைக்கலாகாது. உரநீர் கசிந்து வாராதபடி வரப்பை உயர்த்தி, தனி வாய்க்கால் விடவேண்டும். விதை, நாற்றின் வயது, நடவு நாள் யாவும் ஒன்றாயிருக்கவேண்டும். ஒரு வருஷத்து எடையை நம்பாமல் மூன்று வருஷமாவது பார்க்கவேண்டும். அறுவடையன்று கிராம அதிகாரி உடனிருந்து எடையைத் தம் கையால் எழுதி ஒப்பமிட்டால், ஊரார் அதை நம்புவார்கள். வருகிற சம்பாவில் ஐந்து சென்டு ஒதுக்க இசைவோர் நடவுக்குமுன் எனக்குச் சொல்லியனுப்பினால், வரப்புக் கட்டும் நாளில் நானே வந்து அளந்து தருவேன்.