காகிதம் ஒட்டுவதுதான் பாக்கியா?

"விமானம் கட்டியாகிவிட்டது, இனிமேல் காகிதம் ஒட்டுவதுதான் பாக்கி" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. என்னவோ கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற வேலை மட்டும் மீந்திருப்பது போல! போன மாதம் இப்படிச் சொன்னவர் என் அத்திம்பேர். பொம்மை விமானத்தைக் கட்டியது அவர் பிள்ளை, என் மருமான்.

பால்சா மரக்குச்சிகளால் ஆன இறக்கையைக் காகிதம் ஒட்டுமுன் இரு நுனியிலும் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். ஈரத் துண்டு மாதிரி வளைந்து கொடுக்கும். சதுர மீட்டருக்கு 15 கிராம்கூடத் தேறாத டிஷ்யூ காகிதத்தை ஒட்டி, தண்ணீர் தெளித்து, உலர்ந்து இறுகியபின் திருகுங்கள். மசியாது. இதையா மேல்பூச்சு என்கிறார்கள்?

காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு. கிழித்துப் பார்த்தால் தெரியும். நேராகக் கிழிகிற திசை இறக்கையின் நீளவாக்கில் வரவேண்டும். மாற்றி ஒட்டினால் விலாச் சட்டங்களுக்கு நடுவே சுருக்கம் விழும். தண்ணீர் தெளித்ததும் இறக்கையைப் பலகையில் குண்டூசியால் பிடித்து முழுக்க உலரவிட வேண்டும். பிறகு டோப் என்கிற பூச்சு, நீர்க்க இரண்டு முறை. அதில் சில சொட்டு ஆமணக்கெண்ணெய் விட்டால் பின்னால் ரொம்ப இழுத்துக் கோணலாக்காது. (அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், பற்றிக்கொள்ளும்.)

இவ்வளவும் தெரிந்த நான்தான், ஞாயிற்றுக்கிழமைக்குள் பறக்கவேண்டும் என்று அத்திம்பேர் அவசரப்படுத்தியதும், ஈரம் காயுமுன் குண்டூசிகளைப் பிடுங்கச் சொன்னேன். இடது இறக்கை நுனி திருகிக்கொண்டது. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்திலும் இறக்கையைத் திருகித்தான் சாய்த்தார்கள். ஆனால் அவர்கள் வேண்டும்போது திருகினார்கள். எங்களுடையது கையை விட்டதும் பக்கவாட்டில் சரிந்து மண்ணில் மூக்கைக் குத்தியது. பையன் அழவில்லை. என்னைப் பார்த்தான். அது போதாதா?

"பேசாமல் தெர்மோகோல் விமானம் வாங்கிக் கொடுத்துவிடலாம், விழுந்தாலும் உடையாது" என்கிறார் அத்திம்பேர். உடையாதுதான். 1878-இல் அந்தச் சகோதரர்களின் தகப்பனார் தக்கையும் மூங்கிலும் காகிதமுமாக, ரப்பர் முறுக்கில் பறக்கும் ஒரு பொம்மை வாங்கிவந்தார். பையன்களுக்கு வயது 11, 7. அது உடைந்தது. உடைந்ததால்தானே அவர்களே ஒன்று செய்யக் கிளம்பினார்கள்? அத்திம்பேர் அங்கே இருந்திருந்தால் கடைக்குப் போயிருப்பார்.

மருமான் பழைய காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருக்கிறான். குண்டூசி குத்திய பலகை சாப்பாட்டு மேஜைமேல் இருக்கிறது. உலரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. அத்திம்பேர் இரண்டு நாள் தரையில் இலை போட்டுக்கொள்ளட்டும்.