ஓட்டுக்கு ஒரு வரி, பருப்புக்கு ஒரு வரி, கைக்கு?

2018 பட்ஜெட்டில் ஓட்டோடு வரும் பச்சை அண்டிக்கு இறக்குமதி வரி 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. 2019 பட்ஜெட்டில் உடைத்த பருப்புக்கு வரி 45 சதவீதத்திலிருந்து 70 ஆக ஏறியது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பாத்தணுமாம். களியக்காவிளைக்காரனான நான் கேக்கிறேன்: தொழில்னா யாரு? மொதலாளியா, அண்டி தல்லுகிற பொம்பளையா?

தோழர்களே, இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கினி-பிசாவு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. அதன் ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரும்பங்கு அண்டியிலிருந்துதான். விளைச்சலில் பெரும்பகுதி ஓட்டோடவே கப்பலேறுது. ஓட்டோட அனுப்பினா நம்ம துறைமுகக் கதவு திறந்திருக்கும். அங்கேயே ஒடைச்சுப் பருப்பா அனுப்பினா 70 சதவீதச் சுவர். நீ பொறுக்கிக் குடு, மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுதோம் என்று அர்த்தம். இன்னாருக்கு இன்ன வேலை என்று பிறப்பிலேயே எழுதி வைப்பதற்கு நம்ம நாட்டில் ஒரு பேர் உண்டு. நாடுகளுக்கிடையே அதைச் சுங்க வரி என்கிறார்கள்.

அப்போ சுவரை இடிச்சிரலாமே என்று உலக வங்கிப் பண்டிதர்கள் வருவார்கள். அவர்கள் மொசாம்பிக்கில் செய்ததைப் பாருங்கள். பச்சை அண்டி வெளியே போவதைத் தடுத்தும், பிறகு ஏற்றுமதி வரி போட்டும் தன் ஆலைகளைக் காத்துவந்த நாடு அது. 1990களின் நடுவில் கடனுக்கு நிபந்தனையாக அந்த வரியைக் குறைக்க வைத்தது உலக வங்கி. ஆலைகள் மூடின. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1999இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் வரியை 18 முதல் 22 சதவீதம் வரை உயர்த்தியபோது காலம் கடந்திருந்தது. அந்தப் பச்சை அண்டி எங்கே வந்தது? இந்தியாவுக்கு.

சரி, அங்கே பறிச்ச வேலையாவது இங்கே கைக்கு வாழ்வு தந்ததா? கொல்லத்தில் சங்கமும் கூலிச் சட்டமும் வலுத்தபோது மொதலாளிமார் பலர் கூலி குறைந்த இந்தப் பக்கம் தாவினார்கள். 1956இல் போட்ட மாநில எல்லை அவர்களுக்கு லாபக்கோடு ஆச்சு. கொல்லத்து அண்டியாபீஸ்களின் பழைய ஏற்பாடு ஆய்வுகளில் பதிவானது: ஓடு தல்லுகிற இடத்தில் பெரும்பாலும் புலையர் பெண்கள், தொலி உரிக்கவும் தரம் பிரிக்கவும் மத்த சாதிப் பெண்கள். ஓட்டு எண்ணெய் தோலைப் பொசுக்கும். எங்க அம்மா கையில சாம்பலைப் பூசிக்கிட்டுதான் தல்ல உக்காருவா. அந்தக் கையில ரேகை கிடையாது.

அந்தக் கையைக் காட்டித்தான் சுவர் எழுப்புகிறார்கள். 70 சதவீதத்தில் அந்தக் கைக்கு எத்தனை? வரிச் சட்டத்தில் கூலியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஆப்பிரிக்கக்காரியே ஒடைச்சு அனுப்பினா நம்ம பொம்பளைக்கு வேலை போகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆபத்து உண்டு. ஆனா சுவர் இருக்கும்போதே மொதலாளி எல்லை தாண்டினவன்தானே? குறைஞ்ச கூலிக்கு ஆள் கிடைக்கும் வரை இன்னும் தாண்டுவான். நம்ம பெண்ணையும் கினி-பிசாவுப் பெண்ணையும் போட்டிக்கு நிறுத்தி, ரெண்டு பேர் கூலியிலும் அவன் மிச்சம் பிடிப்பான்.

ஆகவே மூன்று கோரிக்கைகளையும் சேர்த்தே வைப்போம். குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கொடுத்த கணக்கை ஊரறியக் காட்டாத ஆபீசுக்குக் குறைந்த வரியில் பச்சை அண்டி கிடையாது. பருப்பு வரியில் வரும் பணம் வேலை இழக்கும் பெண்களின் நிதிக்குப் போகணும். அந்த ஏற்பாட்டோடு, ஏழை நாடுகள் உடைத்து அனுப்பும் பருப்புக்குப் படிப்படியாக வாசல் திறக்கணும்.

மாணவத் தோழர்களே, அடுத்த பட்ஜெட் வரும்போது பத்திரிகையில் சதவீதத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். சம்பள நாளன்று அண்டியாபீஸ் வாசலுக்குப் போங்க. உள்நாட்டுத் தொழிலுக்கு எவ்வளவு கிடைச்சுதுன்னு வெளியே வர்ற பொம்பளைகள்கிட்ட கேளுங்க.