மாடி அறைக்கு அனுமதி உண்டா?

உத்திரமேரூர் பக்கத்து விவசாயி ஒருவரின் கேள்வி: "ஒரு ஏக்கர் நஞ்சையை விற்ற பணத்தில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பழைய நெசவாளர் வீடு ஒன்றைப் பேசியிருக்கிறோம். ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டு, மேலே ஓர் அறை எழுப்பியிருக்கிறார்கள். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் சரியாக உள்ளன. முன்பணம் கொடுக்கலாமா?"

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். விதைநெல் மூட்டையில் நீல அட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர்கள், வீட்டுக்கும் அப்படி ஒன்றைக் கேட்க வேண்டும். அதுதான் கட்டட அனுமதி ஆணையும், அதனுடன் சேர்ந்த வரைபடமும்.

வரி ரசீது அனுமதி ஆகாது. அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி விதிப்பார்கள். வில்லங்கச் சான்றில் பத்திரப்பதிவுகள் தெரியும். மாடி எப்படி வந்தது என்பது தெரியாது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை அளந்து பாருங்கள். மேலறை அதில் இல்லையென்றால், மாநகராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

காஞ்சிபுரத்தில் இன்னொன்றும் உண்டு. கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. இருக்கும் வீட்டின்மேல் மாடி எழுப்புவதும் கட்டுமானம்தான். அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட முன் அனுமதி வேண்டும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையார்பாளையம் கைலாசநாதர் கோயிலுக்கு அருகில் இருப்பதால், தூரத்தை முதலில் பாருங்கள்.

அறை எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதும் முக்கியம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் விலக்கு கேட்க, 1.7.2007-க்கு முன் கட்டியதற்கு மட்டுமே வழி வைத்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கட்டியதென்றால், 2019 கட்டட விதிகளுக்குள் அடங்கினால்தான் அனுமதி கிடைக்கும். பக்கச் சுவரை ஒட்டி நிற்கும் நெசவாளர் வீடுகளில் காலியிட விதிதான் பெரும்பாலும் இடறும்.

ஓட்டுக்கென்று எழுப்பிய சுவர் தளத்தையும் அறையையும் தாங்குமா? வாசல், ஜன்னல் மூலைகளில் சாய்வாக விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். கட்டடப் பொறியாளர் ஒருவரையும் அழைத்துக் காட்டுங்கள்; அந்தக் கூலி வீண்போகாது.

எல்லாம் சரியென்றால், "பதிவுக்கு முன் மேலறைக்கு அனுமதி பெற்றுத் தருவது விற்பவர் பொறுப்பு, கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று கிரய ஒப்பந்தத்தில் எழுதி, அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள். விற்பவர் ஒப்பாவிட்டால், கீழ்வீட்டுக்கு மட்டும் விலை பேசி, மேலறையை இடிக்கும் செலவையும் கழியுங்கள். 100 மீட்டருக்குள் விதிமீறி எழுப்பிய அறையென்றால், வேறு வீடு பார்ப்பதே நல்லது.