ஏவுகணைத் திட்டங்கள்: கணக்கில் வராத காலதாமதம்

ராணுவக் கொள்முதல் குறித்து நாடாளுமன்றத்தில் புயல் கிளம்பும்போதெல்லாம் இடைத்தரகர்களும் கமிஷனும்தான் பேச்சாகின்றன. அரசுக் கருவூலத்துக்கு அதைவிடப் பெரிய இழப்பை உண்டாக்கும் காலதாமதம் அவையில் யார் தூக்கத்தையும் கெடுப்பதில்லை.

1983-ல் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் ரூ.388 கோடியில் தொடங்கியது. ஏவுகணைகளைப் படிப்படியாக உருவாக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் யோசனை. ஐந்தையும் ஒரே நேரத்தில் மேற்கொள்ளுமாறு பணித்தவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஆர். வெங்கட்ராமன் என்று அப்துல் கலாம் பதிவு செய்துள்ளார். துணிச்சலான முடிவுதான். பிருத்வி 1988-லும் அக்னி 1989-லும் விண்ணில் பாய்ந்தன. மற்ற மூன்றும் தத்தளித்தன. ஏவுகணைத் தொழில்நுட்பத்துக்கு 1987-ல் மேலை நாடுகள் விதித்த கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டன.

போர்க்கப்பல்களைக் காக்க திரிசூலை நம்பியிருந்தது கடற்படை. அது கைகொடுக்காததால், 2000-ம் ஆண்டில் இஸ்ரேலிடமிருந்து பராக் ஏவுகணைகள் வாங்கப்பட்டன. ஆனாலும் திரிசூல் திட்டம் மூடப்பட்டது 2008-ல்தான். ஒரே தேவைக்கு இரண்டு செலவு! டாங்கி எதிர்ப்பு ஏவுகணையான நாக் இறுதிக்கட்டச் சோதனையை முடித்தது 2020 அக்டோபரில். அதன் ஏவு வாகனங்களுக்குக் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது 2025 மார்ச்சில். விஞ்ஞானிகளை மட்டும் குறை கூறுவது நியாயமல்ல. வாகனத்தில் மாற்றங்கள் வேண்டும் என்று ராணுவமும் நடுவழியில் கேட்டது.

அயல்நாட்டில் வாங்கிவிட்டால் கவலையில்லை என்பாரும் உண்டு. 2018-ல் ரஷியாவுடன் 543 கோடி டாலருக்கு ஐந்து எஸ்-400 தொகுதிகளுக்கு ஒப்பந்தமானது. 2021 இறுதியில் வரத் தொடங்கியது. 2022-ல் உக்ரைன் போர் மூண்டதும் கடைசி இரண்டு தொகுதிகள் கெடுவைத் தாண்டின.

பிரமோஸ் மட்டும் எப்படி விரைந்தது? 1998-ல் ஒப்பந்தம், 2001 ஜூனில் முதல் சோதனை. ரஷியாவிடம் உருவாகியிருந்த ஏவுகணையை அடிப்படையாகக் கொண்டதால், புதிதாகச் செய்ய வேண்டியது குறைவாக இருந்தது. எது கைவசம் உள்ளது, எது இனிமேல்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதை ஒப்புதலுக்கு முன்பே எழுத்தில் வைத்தால் கெடு கற்பனையாக இராது. ஒப்புதலுக்குப் பின் ராணுவம் தேவையை மாற்றினால், அதற்கான கூடுதல் செலவும் காலமும் அன்றே கோப்பில் ஏற வேண்டும்.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வருவது எல்லாம் முடிந்த பிறகு. சோதிக்கப்பட்ட ஆகாஷ் ஏவுகணைகளில் 30 சதவீதம் தோல்வியடைந்ததை அது சுட்டிக்காட்டியது 2017-ல்; விமானப் படை ஆகாஷை முறைப்படி ஏற்றதோ 2015-ல். அந்த ஆகாஷ் 2025 மே மாத மோதலில் பயன்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நெடுந்தூர வான் பாதுகாப்புக்கான குஷா திட்டத்துக்கு 2023-ல் சுமார் ரூ.21,700 கோடி மதிப்பில் ஒப்புதல் தரப்பட்டது. அதன் கெடு தவறினால் மாற்று ஏற்பாடு என்ன, அதற்குப் பணம் எங்கே என்று பாதுகாப்பு அமைச்சகத்தை நாடாளுமன்ற நிலைக்குழு இப்போதே கேட்க வேண்டும்.