வேஷம் போடும் முன்

பாண்டுப்பிலிருந்து ஸ்லோ லோக்கலில் தாதர் போகும் தமிழர்களில் பலருக்கு, ஸ்டேஷனுக்குக் கிழக்கே உள்ள தாதாசாகேப் பால்கே சாலை வெறும் பெயர்ப்பலகைதான். 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) உருவானது அந்தத் தாதரில்தான்.

அந்தக் கால நட்சத்திரங்கள் நடிக்காதபோது எப்படி இருந்தார்கள்? நாசிக்கில் பால்கே எடுத்த 'காளிய மர்தன்' (1919) கொஞ்சம் காட்டுகிறது. கதை தொடங்கும் முன் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி காமிராவுக்கு விதவிதமாக முகபாவம் காட்டுகிறாள். பால்கேயின் மகள் மந்தாகினி. பிறகு அந்த முகம் மெல்லக் கரைந்து கண்ணன் ஆகிறது. வேஷம்தான் என்று சொல்லிவிட்டே ரசிகர்களைக் கையெடுத்துக் கும்பிட வைக்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது.

1917லேயே, சினிமா எடுக்கும் விதத்தை விளக்கும் குறும்படத்தில் பால்கேயே தோன்றினார். நடிகர்களுக்குச் சொல்லித்தருகிறார், பிலிமை வெட்டி ஒட்டுகிறார். ஹாலிவுட்டில் சாப்ளின் தன் ஸ்டூடியோவுக்குள் காமிராவைத் திருப்பியது 1918ல்.

பால்கேயின் படங்களில் மிஞ்சியவை, 1964ல் தொடங்கிய புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தால் பிழைத்தன. அதே காலத்தில் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' ஓரடிகூட மிஞ்சவில்லை. அன்றைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், மக்கிப்போகும். அதிலிருக்கும் வெள்ளிக்காகப் பழைய சுருள்களை எடைக்குப் போட்டவர்களும் உண்டு.

மந்தாகினி நூறாண்டு கடந்தும் ஏழு வயதில் முகம் சுளிக்கிறாள். தமிழின் முதல் திரௌபதி எப்படிச் சிரித்தாள் என்று பார்க்க வழியில்லை.